பேனாக்கத்தியில் பேனா எங்கே?

கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்திருந்த பையன் ஒருவன், பழைய மரப்பெட்டியைக் குடைந்து ஒரு சிறிய கத்தியை வெளியே எடுத்தான். எலும்புப் பிடி. நகத்தைக் கொடுத்து இழுத்தால் 'டக்'கென்று வெளியே வரும் அலகு. அதை மடக்கியும் விரித்தும் பார்த்துவிட்டு, "இது என்ன தாத்தா?" என்று கேட்டான்.

"பேனாக்கத்திடா. கையை அறுத்துக் கொள்ளாதே!"

பையன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கத்தி இருக்கிறது. பேனா எங்கே தாத்தா?"

"பேனாவும் இல்லை, ஒன்றும் இல்லை. பென்சில் சீவுகிற கத்தி அது."

"அப்படியானால் பென்சில் கத்தி என்றல்லவா சொல்லவேண்டும்?"

தாத்தாவுக்குப் பதில் கிடைக்கவில்லை. "அந்தக் காலத்திலிருந்து அப்படித்தான் சொல்லி வருகிறார்கள். போய் விளையாடு, போ!" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிட்டார்.

பையன் கேட்டது நியாயமான கேள்வி. பேனாவைச் சீவுவாருண்டா? மை ஊற்றி எழுதும் பேனாவையும் சீவ முடியாது. உருண்டை முனைப் பேனாவையும் சீவ முடியாது. ஆனாலும் சட்டைப் பையில் மடக்கி வைத்துக்கொள்ளும் சின்னக் கத்திக்குத் தமிழ்நாடு முழுவதும் பேனாக்கத்தி என்றுதான் பெயர் வழங்கி வந்திருக்கிறது. மடக்குக்கத்தி என்பாரும் உண்டு. வில்லுக்கத்தி என்பாரும் உண்டு. வில்வண்டியில் வருகிற அதே வில்தான் இங்கேயும். ஸ்பிரிங் என்று பொருள். அந்த இரண்டு பெயர்களுக்கும் கத்தியைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். பேனாக்கத்திக்கு மட்டும் கத்தியைப் பார்த்தால் போதாது. ஒரு வாத்தைப் பிடித்து வரவேண்டும்!

வாத்து என்றது வேடிக்கைக்காக அல்ல. ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுதும் கருவியாக இருந்தது பெரிய வாத்தின் இறகுதான். லத்தீன் மொழியில் 'பென்னா' என்றால் இறகு. அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் 'பென்' வந்தது. போர்த்துகீசியருக்குப் 'பெனா' வந்தது. அவர்களுடைய மொழியில் இன்றும் அந்த ஒரே சொல் இறகையும் குறிக்கும், பேனாவையும் குறிக்கும். சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை என்று பல சாமான்களோடு சொற்களையும் கப்பலில் ஏற்றி வந்த போர்த்துகீசியர்தான் பேனாவையும் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆகவே, பேனா என்று சொல்லுகிற ஒவ்வொரு தமிழரும் தம்மை அறியாமலே 'இறகு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் பென்சிலும் பேனாவும் அண்ணன் தம்பி என்று யாராவது நினைத்துவிடக் கூடும். உறவே கிடையாது. பென்சில் என்பது 'சிறு வால்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. வால் போன்ற மெல்லிய தூரிகைக்கு முதலில் அந்தப் பெயர் இருந்தது. பிறகுதான் கரிக்குச்சிக்கு வந்தது. தூரிகை போலக் கிளைத்திருக்கும் ஒரு பூஞ்சைக்கும் அதே சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். அந்தப் பூஞ்சையிலிருந்துதான் 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்தார். பென்சிலுக்குச் சொந்தம் பென்சிலின், பேனா அல்ல!

ஒரு கையில் இறகு, மறு கையில் கத்தி

இறகைப் பிடுங்கி மையில் தோய்த்தால் எழுதிவிடலாம் என்று சினிமாவில் காட்டுவார்கள். அது அவ்வளவு சுலபமான காரியம் அல்ல. சிறகின் ஓரத்தில் இருக்கும் பெரிய இறகுகள்தாம் எழுத உதவும். அவையும் ஒரு பக்கத்துக்குச் சிலவே தேறும். வலக்கையால் எழுதுகிறவருக்கு இடச்சிறகின் இறகுதான் வளைவு ஒத்துப்போகும் என்பார்கள். பிடுங்கிய இறகின் தண்டு மெத்தென்று இருக்கும். அதைச் சூடான மணலில் புதைத்து எடுத்து இறுகச் செய்வார்கள். பக்கத்திலுள்ள மென்மயிரைப் பெரும்பாலும் களைந்துவிடுவார்கள். பிறகு தண்டின் நுனியைச் சாய்வாக ஒரு வெட்டு. உட்புறம் ஒரு குழிவு. நடுவே மயிரிழை போல ஒரு பிளவு. கடைசியாக முனையைச் சதுரமாக நறுக்க ஒரு வெட்டு. அந்தப் பிளவு வழியாகத்தான் மை இறங்கும். நவீன நிப்பிலும் அதே பிளவு இருப்பதைப் பார்க்கலாம். வாத்திறகு செய்த வேலையைத்தான் உலோகம் பின்னால் செய்தது.

சிக்கல் என்னவென்றால், சில பக்கங்கள் எழுதுவதற்குள் இறகின் முனை நைந்துவிடும். உடனே சீவவேண்டும். மறுபடி எழுதவேண்டும்; மறுபடி சீவவேண்டும். ஆகவே கத்தி இல்லாத எழுத்தர் எழுத்தரே அல்ல. இடைக்கால ஐரோப்பிய ஓவியங்களில் ஏடு எழுதும் துறவிகளைப் பார்த்தால், வலக்கையில் இறகும் இடக்கையில் கத்தியுமாக உட்கார்ந்திருப்பார்கள். இடக்கைக் கத்திக்கு மூன்று வேலை: இறகைச் சீவுவது ஒன்று; தோல் ஏடு சுருண்டு எழும்பாமல் அமுக்கிப் பிடிப்பது ஒன்று; எழுத்துப் பிழையைச் சுரண்டி எடுப்பது ஒன்று. இந்தக் கத்திக்குத்தான் ஆங்கிலத்தில் 'பென் நைஃப்' என்று பெயர் வந்தது. 15-ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் வழக்கில் இருந்தது. முதலில் அது மடங்கும் கத்திகூட அல்ல. சின்னப் பிடியில் அசையாமல் நிற்கும் சின்ன அலகு, அவ்வளவுதான்.

ஆங்கிலேயர் மட்டும் இப்படிப் பெயர் வைக்கவில்லை. ஜெர்மானியர் 'ஃபெடர்மெஸ்ஸர்' என்றார்கள்: இறகுக் கத்தி. ரஷ்யர்கள் பையில் வைக்கும் கத்தியை இன்றைக்கும் 'இறகு சீவும் கத்தி' என்று பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறார்கள். ஜெர்மன் சொல்லுக்கு இன்னொரு விசித்திரமும் நேர்ந்தது. ஐரோப்பாவில் பனிக்காலத்தின் கடைசிக் கட்டத்தில் வாழ்ந்த வேட்டை மக்களின் சிறிய கல் அலகுகளைத் தோண்டி எடுத்த ஆராய்ச்சியாளர்கள், அவை பேனாக்கத்தி அலகு போல இருப்பதைப் பார்த்து அந்த நாகரிகத்துக்கே 'ஃபெடர்மெஸ்ஸர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எழுத்தே அறியாத மக்கள்! அவர்கள் தலையில் ஒரு பேனாக்கத்தி.

கிழக்கேயும் இதே கதைதான், இறகுக்குப் பதில் நாணல். நாணல் தண்டைச் சீவி எழுதுவதற்கு அரபியில் 'கலம்'. ஆந்திரத்துக் கலம்காரிச் சேலையில் இருக்கிற கலமும் அதுவே. அந்த நாணலைச் சீவும் கத்திக்குப் பாரசீக மொழியில் 'கலம்தராஷ்' என்று பெயர். கலத்தைச் செதுக்குவது என்று பொருள். அந்தச் சொல் துருக்கிக்குப் போயிற்று. இன்று துருக்கியில் பள்ளிக்கூடப் பிள்ளை கடைக்குப் போய் அந்தச் சொல்லைச் சொன்னால், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பென்சில் சீவும் ஷார்ப்பனர். நாணல் போயிற்று, கத்தியும் போயிற்று. பெயர் மட்டும் புதிய வேலையில் அமர்ந்துவிட்டது.

அரசனும் பேனாக்கத்தியும்

பேனாக்கத்தி எழுத்துக்குத் தாயாகவே எப்போதும் இருந்ததில்லை. எமனாகவும் இருந்திருக்கிறது. பைபிளில் எரேமியா ஆகமத்தில் ஒரு கதை. தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு என்பவர் சுருளில் எழுதினார். அந்தச் சுருள் யூதேயா அரசன் யோயாக்கீமின் முன் வாசிக்கப்பட்டது. குளிர்காலம், எதிரே கணப்பில் நெருப்பு. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் அந்தப் பகுதியைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுவது, மறுபடி வாசிக்கக் கேட்பது, மறுபடி அறுப்பது என்று சுருள் முழுவதையும் தீர்த்துவிட்டார்கள். அந்தக் கத்தி எது? எபிரேய மூலத்தில் 'எழுத்தனுடைய கத்தி' என்ற கருத்தில் இருக்கிறது. 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளின் மொழிபெயர்ப்பாளர்கள் கொஞ்சமும் தயங்காமல் 'பென் நைஃப்' என்று எழுதினார்கள். எழுத்தை உண்டாக்குகிற கருவியே எழுத்தை அறுத்தது. ஆனால் எரேமியா அயரவில்லை. முழுவதையும் மறுபடி சொல்லி எழுதச் செய்தார், கூடுதலான வார்த்தைகளோடு!

கத்தி மடங்கத் தொடங்கியது பேனாவுக்காக அல்ல, பைக்காக. அலகை மடக்கிப் பிடிக்குள் ஒளித்து வைக்கும் வித்தை மிகப் பழையது. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்னும் இடத்தில் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மடக்குக்கத்தியே கிடைத்திருக்கிறது. ரோமானியர்களும் வைத்திருந்தார்கள். எழுத்தரின் கத்தியும் இந்த மடக்குக்கத்தியும் ஒன்றாய்ச் சேர்ந்தபோது, பெயரில் எழுத்தர் வென்றார். உருவத்தில் மடக்கு வென்றது. பிறகு எழுதாதவர்களும் அதை வாங்கினார்கள். பழம் நறுக்க, கயிறு அறுக்க, கடிதம் பிரிக்க என்று ஆயிரம் வேலை. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரம் கத்திக்கு அந்தக் காலத்திலிருந்தே பெயர் போனது. 14-ஆம் நூற்றாண்டுக் கவி சாஸர் தம் கதையில் வரும் மாவரைப்பவனுக்கு ஷெஃபீல்ட் கத்தி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். 1851-ல் லண்டனில் நடந்த மகா கண்காட்சிக்காக அந்த ஊர் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி 75 அலகும் கருவியும் கொண்ட ஒரு ராட்சத மடக்குக்கத்தியைச் செய்தது. எந்தப் பையில் வைப்பது என்று யாரும் கேட்கவில்லை போலும்.

விந்தை என்னவென்றால், அந்தக் கண்காட்சி நடந்தபோதே பேனா சீவும் தொழில் மங்கத் தொடங்கிவிட்டது. 1820, 1830-களில் பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிற்சாலைகள் உருக்கு நிப்புகளை இயந்திரத்தில் வைத்து ஆயிரமாயிரமாக அடித்துத் தள்ளின. நிப்பைச் சீவ வேண்டாம். தேய்ந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். பேனாக்கத்திக்கு அன்றே வேலை போயிருக்கவேண்டும். அதைக் காப்பாற்றியது பென்சில்தான். உறவில்லாதவன் கொடுத்த சோறு! பள்ளிக்கூடத்தில் ஷார்ப்பனர் வரும் வரையில், பின்பு பாதி பிளேடு வரும் வரையில், பென்சில் சீவுகிற உத்தியோகம் பேனாக்கத்திக்கு இருந்தது. மாங்காய் நறுக்கி உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டுத் தின்கிற உப உத்தியோகமும் இருந்தது.

கோட்டையில் ஒரு ரைட்டர்

தமிழில் இந்தப் பெயர் எப்படி உருவாயிற்று என்பதைக் கவனிக்கவேண்டும். பேனா போர்த்துகீசியர் தந்தது. ஆனால் அவர்கள் இந்தச் சின்னக் கத்தியைக் 'கனிவெத்தி' என்பார்கள்; அந்தச் சொல்லில் இறகும் இல்லை, பேனாவும் இல்லை. ஆகவே பேனாக்கத்தி என்ற சேர்க்கை ஆங்கிலச் சொல்லைப் பார்த்துக் கட்டியது. போர்த்துகீசியன் செங்கல், ஆங்கிலேயன் வரைபடம், சாந்து நம்முடையது. கத்தி என்ற சொல்லுக்கு மட்டும் யாரிடமும் கைநீட்ட வேண்டியிருக்கவில்லை. தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அது கத்திதான்.

ஆங்கிலேயரின் பேனாக்கத்தியைத் தமிழர்கள் கிட்ட இருந்து பார்த்த இடங்களில் சென்னைக் கோட்டை முக்கியமானது. கிழக்கிந்தியக் கம்பெனியில் அடிமட்ட உத்தியோகஸ்தருக்கு 'ரைட்டர்' என்று பெயர். எழுதுவதுதான் வேலை. லண்டனுக்குப் போகும் கடிதம், கணக்கு, ஆலோசனைக் குறிப்பு என்று நாள் முழுவதும் இறகும் கையுமாக இருப்பார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிற அந்தப் பழைய கட்டுகளின் பின்னால் எத்தனை இறகு, எத்தனை சீவல்! இறகு மறைந்து, கம்பெனியும் மறைந்தது. ரைட்டர் மட்டும் மறையவில்லை. நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து புகார் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்த ரைட்டர்களில் ஒருவன் 1744-ல் கப்பலிலிருந்து இறங்கினான். வயது 18. பெயர் ராபர்ட் கிளைவ். பேனா பிடிக்க வந்தவன் வாள் பிடித்ததும், ஆற்காட்டிலும் பிளாசியிலும் நடந்ததும் பள்ளிச் சரித்திரத்தில் உள்ளவை. 1774 நவம்பர் 22-ல் லண்டனில் தம் வீட்டில் அவர் இறந்தார். எப்படி இறந்தார் என்பதில் பல வதந்திகள். மரண விசாரணை நடக்கவில்லை. அவற்றில் ஒன்று பின்னால் சரித்திர நூல்களிலும் ஏறியது: வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண் தன் இறகுப் பேனாவைச் சீவித் தரும்படி கேட்டாளாம். கிளைவ் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துப் பொறுமையாகச் சீவிக் கொடுத்தாராம். பிறகு அடுத்த அறைக்குப் போய் அதே கத்தியால் தம் உயிரை மாய்த்துக்கொண்டாராம். உண்மையோ பொய்யோ, கதை கட்டியவர்கள் ஒரு பொருத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் ரைட்டராக வாழ்வைத் தொடங்கியவரின் கையில், கடைசியிலும் ரைட்டரின் கத்தியையே கொடுத்துவிட்டார்கள்.

நம்மிடம் இருந்த கத்தி

இதுவரை சொன்னது இறகின் கதை. இதைக் கேட்டுவிட்டு, 'ஓகோ, பேனாக்கத்தி வெள்ளைக்காரன் சரக்கு; நமக்கு அவன் கற்றுக் கொடுத்தது' என்று யாராவது முடிவு கட்டினால், அங்கேதான் தவறு வருகிறது.

ஐரோப்பியருக்கு இறகும் தோலும் போல் நமக்கு எழுத்தாணியும் ஓலையும். பனையோலையை எடுத்து, ஈர்க்கை நீக்கி, ஓரத்தைச் சமமாக நறுக்கி ஏடாக்க வேண்டும். அதற்கு 'வாருதல்' என்று பெயர். வாருவதற்குக் கத்தி வேண்டும். எழுதுவதற்கு ஆணி வேண்டும். அங்கே போலவே இங்கேயும் எழுத்தும் கத்தியும் இணைபிரியாதவை. ஆனால் நம் கொல்லர்கள் ஒரு படி மேலே போனார்கள். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றை எழுதிய 'என் சரித்திர'த்தில், எழுத்தாணிகளில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என வகை உண்டு என்று விவரித்திருக்கிறார். குண்டெழுத்தாணிக்குக் கொண்டை கனமாக இருக்கும். வாரெழுத்தாணியின் தலைப்பில் கத்தி இருக்கும். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. மடக்கெழுத்தாணி பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். பிடி மரம், தந்தம் அல்லது கொம்பு. ஒரு பக்கம் ஓலை வாரக் கத்தியும் மறுபக்கம் எழுத ஆணியுமாக, இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கும்படி செய்ததும் உண்டு.

இதைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். ஷெஃபீல்ட் பேனாக்கத்தியில் கத்தி மட்டும்தான் உண்டு. பேனா வேறு, அது வாத்தின் உடம்பில்! நம்முடையதில் பேனாவும் உண்டு, கத்தியும் உண்டு, இரண்டும் மடங்கும், இடுப்பிலே செருகிக்கொண்டு போகலாம். 'பேனா எங்கே தாத்தா?' என்று அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு, 'இதோ!' என்று விரித்துக் காட்டக்கூடிய ஒரே பேனாக்கத்தி அதுதான். அதற்கு மடக்கெழுத்தாணி என்ற அழகான பெயரும் இருந்தது. பிறரைப் பார்த்துக் கட்டிய பெயர் அல்ல. பொருளைப் பார்த்து வைத்த பெயர்.

அந்தப் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? வாத்திறகின் நினைவைச் சுமக்கும் பேனாக்கத்தி என்ற சொல் ஊரெல்லாம் வாழ்கிறது. தாத்தாவின் தாத்தா இடுப்பிலே இருந்த மடக்கெழுத்தாணி அகராதியில் தூங்குகிறது. குற்றம் பேனாக்கத்தியினுடையது அல்ல. ஓலையை விட்டுக் காகிதத்துக்கு வந்தபோது, பயன்படாத கருவியோடு சேர்த்துச் சொல்லையும் பரணில் போட்டவர்கள் நாம்தான். ஐரோப்பியர்களும் இறகை விட்டார்கள். ஆனால் சொல்லைக் கைவிடாமல், புதிய கத்திக்கு, புதிய பேனாவுக்கு ஏற்றிக்கொண்டார்கள். துருக்கிக்காரர் ஷார்ப்பனருக்கே ஏற்றிவிட்டார். எழுத்தாணியை எவரும் எதன்மேலும் ஏற்றவில்லை.

தூவலும் வாத்தும்

வேற்றுமொழிச் சொல்லை நீக்க விரும்பும் தனித்தமிழ் அன்பர்கள் பேனாவுக்குத் 'தூவல்' என்கிறார்கள். இனிய சொல், பழைய சொல்லும்கூட. ஆனால் அதன் பொருள் என்ன? இறகு! லத்தீன்காரர் இறகு என்றார். அதை அப்படியே தமிழில் பெயர்த்துத் தூவல் என்றாயிற்று. தமிழில் இலக்கணமும் காப்பியமும் கணக்கும் எழுதி வளர்ந்தது இரும்பு ஆணியால், இறகால் அல்ல. போர்த்துகீசியச் சொல்லை வாசல் வழியே அனுப்பிவிட்டு, அவனுடைய வாத்தைக் கொல்லைப்புறமாக உள்ளே அழைத்து வந்தது போல் இருக்கிறது இது. மொழிப்பற்றைக் குறை சொல்ல இடமில்லை. பற்று இருக்கிறவர்களே நம் கைப்பொருளை மறந்துவிட்டுப் பிறர் கைப்பொருளை மொழிபெயர்த்தால் எப்படி என்பதுதான் கேள்வி. அந்த விதத்தில் 'எழுதுகோல்' எவ்வளவோ மேல். அது யாருடைய வாத்தையும் கேட்பதில்லை.

இதே நியாயப்படி, பேனாக்கத்தியை நீக்கிவிட்டு மடக்குக்கத்தி என்றே எழுதவேண்டும் என்று சொல்லுவாரும் உண்டு. அது அவசியமில்லை. மடக்குக்கத்தி உருவத்தைச் சொல்லுகிறது. பேனாக்கத்தி உத்தியோகத்தைச் சொல்லுகிறது. ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் மொழிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. போர்த்துகீசியன் வந்தது, கம்பெனி வந்தது, இறகால் எழுதியது எல்லாம் அந்த ஆறெழுத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அதைத் துடைத்துவிட்டால் சரித்திரம் மாறிவிடாது, மறந்துதான் போகும். பேனாக்கத்தி இருக்கட்டும். அதன் பக்கத்தில் மடக்கெழுத்தாணிக்கு ஓர் ஆசனம் போடவேண்டும் என்பதே கோரிக்கை. பள்ளிப் புத்தகத்தில் ஓலைச்சுவடியின் படத்தைப் போடுகிறார்கள். பக்கத்தில் எழுத்தாணியின் படமும் வேண்டாமா? 'சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்தார் ஐயர்' என்று படிக்கிற பிள்ளைக்கு, அந்தச் சுவடி எதனால் வாரப்பட்டது, எதனால் கீறப்பட்டது என்று தெரியவேண்டாமா? ஆணியால் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று பயந்துதான் ஏடெழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்பார்கள். பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு அதனால் எவ்வளவு! கருவியைப் பார்த்தால்தான் அந்த எழுத்தும் விளங்கும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. பேனாக்கத்திக்கே இப்போது நல்ல காலம் இல்லை. ஒரு காலத்தில் மரியாதையுள்ள குமாஸ்தாவின் பையில் இருந்த பொருள், இன்று 'கத்தி வைத்திருந்தார்' என்ற செய்தியில்தான் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. விமான நிலையத்தில் கைப்பையில் இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். பாதுகாப்பு விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்திலோ 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கியபோதும், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. சட்டம் செய்தவர்களின் தாத்தாக்களும் பென்சில் சீவியிருப்பார்கள்!

நம் வீடுகளில் விலக்குக் கொடுக்க ஆளில்லை. பழைய வீட்டை இடிக்கும்போது, பரணைத் துப்புரவு செய்யும்போது, துருப்பிடித்த சாமான்களை அள்ளிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு சாண் நீளத்தில், ஒரு புறம் கத்தியும் மறுபுறம் ஊசிபோல் கூரிய ஆணியுமாக ஏதேனும் கிடந்தால், பேரனைக் கூப்பிட்டு ஒரு தடவை விரித்துக் காட்டிவிட்டுப் பத்திரமாக எடுத்து வைக்கலாம். தஞ்சை சரசுவதி மகாலிலும், சென்னையில் சாமிநாதையர் பெயரால் இருக்கும் நூலகத்திலும் ஏடுகளைப் போற்றி வைத்திருக்கிறார்கள். அந்த ஏடுகளுக்கு அது சொந்தக்காரன். பழைய இரும்புக்காரருக்கு அந்தச் சொந்தம் தெரியாது. தராசில் போடுவதற்கு முன் பிடியைக் கல்லில் தட்டி உடைத்துக் கழற்றிவிடுவார். கொம்புக்கும் தந்தத்துக்கும் இரும்பு விலை கிடையாதாம்.